காலமானாரா, ஒழிஞ்சாரா? நைட் டெஸ்க்ல நான் கத்துக்கிட்ட சிலது

ஒரு பெரிய அரசியல் தலைவர் செத்த ராத்திரியப் பத்தித்தான் இது. முதல்லயே சொல்லிடறேன், அவர் பேரை இதுல எங்கயும் சொல்லப் போறதில்ல. சொன்னா அடுத்த நிமிஷமே படிக்கறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுவீங்க, நான் சொல்ல வந்தது காத்தோட போயிடும். ஆண்ட காலத்துல பாதிப் பேருக்கு சாமி, மீதிப் பேருக்கு எமன், அப்படி ஒரு ஆள்னு மட்டும் வச்சுக்கோங்க. உங்க மனசுல இப்ப யார் வந்தாரோ அவரையே வச்சுக்கிட்டுப் படிச்சாலும் ஒண்ணும் குறையாது.

நான் 2003-லருந்து 2020 வரைக்கும் ஒரு நாளிதழ்ல சப் எடிட்டரா இருந்தேன், அதுல பெரும்பகுதி நைட் டெஸ்க். தமிழ்ல சாவுக்கு எத்தனை சொல் இருக்குன்னு அந்த வேலைக்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. காலமானார், மறைந்தார், இறந்தார், மரணமடைந்தார், உயிர்நீத்தார், அமரரானார். கடவுள் இல்லைன்னு சொன்னவர்னா இயற்கை எய்தினார், பக்திமான்னா இறைவனடி சேர்ந்தார், கிறிஸ்தவங்க வீட்டு விளம்பரம்னா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வீட்ல பேசறப்ப தவறிட்டார். பிடிக்காதவன்னா போய்ச் சேர்ந்தான், மண்டையப் போட்டான், ஒழிஞ்சான். எல்லாத்துக்கும் சேதி ஒண்ணுதான், மூச்சு நின்னுபோச்சு, ஆனா இதுல எதை எடுக்கறோமோ அதுலயே நாம எந்தப் பக்கம் நிக்கறோம்னு படிக்கறவனுக்குத் தெரிஞ்சுடும். கூடவே இந்த 'ஆர்' விகுதி வேற. எங்க பேப்பர்ல மந்திரின்னா 'வந்தார்', கொள்ளைக்காரன்னா 'வந்தான்'. ஒரு ஆளை பாதி ஜனம் மந்திரியாவும் பாதி ஜனம் கொலைகாரனாவும் பாத்தா விகுதி என்ன போடுவீங்க? இலக்கணப் புஸ்தகத்துல இதுக்கு விடை கிடையாது.

சரி அந்த ராத்திரிக்கு வர்றேன்.

பெரிய தலைவர்களுக்கு இரங்கல் கட்டுரை அவங்க உயிரோட இருக்கறப்பவே ரெடியாகிடும், வெளில இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியா இருக்கும் ஆனா பெரிய பத்திரிகைகள்ல இது சகஜம், ராத்திரி பதினொண்ணு மணிக்கு செய்தி வந்து பன்னெண்டரைக்கு பேஜ் போகணும்னா ஐம்பது அறுபது வருஷ அரசியலை ஒன்றரை மணி நேரத்துல யாராலயும் எழுத முடியாது. வயசு, தேதி, ஆஸ்பத்திரி பேரு இந்த மூணு இடத்துல மட்டும் கோடு போட்டு விட்டிருப்போம். இதுல கூத்தும் நடக்கும். 2003-ல அமெரிக்காவுல ஒரு பெரிய செய்தி நிறுவனத்தோட சைட்ல இந்த மாதிரி முன்கூட்டி செஞ்சு வச்ச பக்கங்கள் வெளில தெரிஞ்சுபோச்சு. கியூபா தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ பக்கத்தைப் பாத்தா நீச்சல் பாதுகாவலர், விளையாட்டு வீரர், சினிமா நடிகர்னு இருக்கு. நடிகரா இருந்து அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகனுக்கு செஞ்ச அச்சுல காஸ்ட்ரோவை ஊத்தியிருக்காங்க, பழசை அழிக்க மறந்துட்டாங்க. நாங்க டெஸ்க்ல இதைச் சொல்லிச் சொல்லி சிரிச்சிருக்கோம், அதே சமயம் ஆளாளுக்கு அவங்க ஃபைலை ஓடிப்போய் செக் பண்ணவும் செஞ்சோம்.

எங்க தலைவர் ஆஸ்பத்திரில சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்துச்சு. கடைசி மூணு ராத்திரி 'இன்னிக்கு முடிஞ்சுடும்', 'இன்னிக்கு முடிஞ்சுடும்'னே போச்சு. ரெண்டு தடவை 'முடிஞ்சுது'ன்னு வதந்தி வந்து முதல் பக்கத்தைக் கலைச்சு, கருப்பு பார்டர் போட்டு, அப்புறம் இல்லைன்னு தெரிஞ்சு திரும்பவும் பழைய பக்கத்தை வச்சோம். யாரும் சரியா தூங்கல. மூணாவது ராத்திரி அதிகாரபூர்வமா அறிவிப்பு வந்தப்ப என் வாய்ல வந்த முதல் வார்த்தை 'ஒருவழியா!'. ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், பக்கத்து மேஜைல ஒருத்தர் கையைக்கூடத் தட்டினார். சத்தியமா அதுல அரசியல் ஒண்ணும் இல்ல, தூக்கம் இல்லாத மண்டை, அவ்வளவுதான்.

ராத்திரி ஆபீஸைக் கூட்டித் துடைக்க ஒரு அக்கா வருவாங்க. அவங்க அப்ப என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தாங்க. நான் கவனிக்கல, கவனிக்கற நிலைமைலயும் இல்ல.

அடுத்த நாள்லருந்து என் மேஜைக்கடியில இருந்த குப்பைக்கூடையை மட்டும் யாரும் எடுக்கல. மத்த எல்லாருடையதும் காலியா இருக்கும், என்னோடது ப்ரூஃப் பேப்பர் ரொம்பி வெளில வழியும். மறந்திருப்பாங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆனப்புறம்தான் உறைச்சுது. நானே போய் "என்னக்கா கோவமா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைத் துடைச்சுக்கிட்டே இருந்துட்டு சொன்னாங்க, "கைக்குழந்தையோட நான் தனியா நின்னப்ப என் சொந்தக்காரங்க யாரும் எட்டிப் பாக்கல மேடம். அவரு போட்ட உத்தரவுலதான் எனக்கு மாசாமாசம் பணம் வந்துச்சு. அவரு நல்லவரா கெட்டவரா அதெல்லாம் எனக்குத் தெரியாது. செத்த அன்னிக்கு நீங்க கை தட்டினீங்க." நான் தட்டலக்கா அது வேற ஆளுன்னு சொன்னேன். "சிரிச்சீங்கல்ல" அப்படின்னாங்க.

அதுக்கு மேல என்ன பேசறது. மன்னிப்பு கேட்டேன், ஏத்துக்கிட்டாங்களான்னு தெரியாது, குப்பைக்கூடை மட்டும் மறுநாள் காலியா இருந்துச்சு.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடணும். எனக்கு அந்தத் தலைவரை அப்பவும் பிடிக்காது இப்பவும் பிடிக்காது. அக்கா அழுததுக்காக நானும் அழணும்னு எனக்குத் தோணல, அவங்களும் அதைக் கேக்கல. ஆனா அன்னிலருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துச்சு, இந்த மாதிரி செய்தி வந்தா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி திரும்பிப் பாப்பேன். நிஜமாவே கழுத்தைத் திருப்பிப் பாப்பேன். இப்ப போன்ல எழுதறப்ப பின்னாடி திரும்பிப் பாக்க வழியில்லாததால, முதல் ஒரு நாள் எதையும் எழுதறதில்லைன்னு வச்சுக்கிட்டிருக்கேன். என் கருத்து இருபத்துநாலு மணி நேரத்துல ஊசிப்போயிடும்னா அது வச்சுக்க வேண்டிய கருத்தே இல்ல.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் மறுநாள் நடந்துச்சு.

தலைப்புக்கு வினைச்சொல் என்ன போடறதுன்னு அன்னிக்கு ராத்திரி அரை மணி நேரம் சண்டை. 'மறைந்தார்' ரொம்ப உருகுறா மாதிரி இருக்குன்னு ஒருத்தர், 'இறந்தார்' மொட்டையா இருக்கு மறுநாள் ஆபீஸ் கண்ணாடியை உடைச்சுடுவான்னு இன்னொருத்தர், கடைசில ஆசிரியர் 'காலமானார்'னு முடிச்சு வச்சார். எல்லாரோட கவனமும் அந்த ஒரு சொல்லுலயே இருந்துச்சு. உள்ள மூணாம் பக்கத்துல நான் எழுதின வாழ்க்கை வரலாற்றை யாரும் ஒழுங்கா படிக்கவே இல்ல. அதுல ஒரு வரி எனக்கு ரொம்பப் பெருமை, நடுநிலைமைன்னா இதுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். 'அவரது ஆட்சிக்காலத்தில் சில கசப்பான சம்பவங்களும் நடந்தன.'

மறுநாள் மத்தியானம் வரைக்கும் டெஸ்க் போன் ஓயல. ஒருத்தர் 'ஆர்' போட்டதுக்குத் திட்டினார். ஒருத்தர் பேருக்கு முன்னாடி பட்டம் போடலைன்னு திட்டினார். ஒரு அம்மா படத்துல அவர் சிரிக்கலையே, சிரிக்கற படமே கிடைக்கலையான்னு கேட்டாங்க. ஒரு பையன் போனை எடுத்ததுமே கெட்ட வார்த்தைல ஆரம்பிச்சான், அவன் எந்தப் பக்கம்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல. இதெல்லாம் பழக்கம்தான், ரிசீவரைத் தோள்ல இடுக்கிக்கிட்டு வேலையப் பாத்துட்டே 'சொல்றோம் சார், சொல்றோம் சார்'னு சொல்லிட்டிருந்தேன்.

அப்புறம் ஒரு பெரியவர். குரல் ரொம்ப மெதுவா இருந்துச்சு. மூணாம் பக்கம் எழுதினது யாருன்னு கேட்டார், நான்தான்னேன். "சில கசப்பான சம்பவங்கள்னு போட்டிருக்கீங்களேம்மா, அதுல என் பையன் எத்தனாவது சம்பவம்?"ன்னு கேட்டார்.

அவர் பையன் ஒரு ஊர்வலத்துல போலீஸ் சுட்டதுல செத்தவன். கல்லூரில படிச்சுட்டிருந்தான். விசாரணை நடந்துச்சு, அறிக்கை வந்துச்சு, யாருக்கும் தண்டனை இல்ல, சுட உத்தரவு போட்ட அதிகாரிக்கு பதவி உயர்வு. இதெல்லாம் எங்க பேப்பர்லயே வந்த செய்திதான், எங்க லைப்ரரில கட்டிங் இருக்கு, நான் அந்தக் கட்டிங்கைப் படிச்சுட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். படிச்சுட்டுத்தான் எழுதினேன்ங்கறதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாம இருக்கு.

அவர் கத்தல. "அவரைத் திட்டி எழுதுங்கன்னு நான் கேக்கலம்மா. அவரு எந்தத் தேதில பொறந்தாரு, எந்தத் தேதில பதவி ஏத்தாரு, எத்தனை அணை கட்டினாருன்னு எல்லாத்துக்கும் கணக்கு போட்டிருக்கீங்க. இதுக்கு மட்டும் 'சில'ன்னு போட்டுட்டீங்க"ன்னார். நான் ஏதோ இடப் பற்றாக்குறைன்னு உளறினேன். சரிம்மான்னு வச்சுட்டார்.

அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகல. லைப்ரரில உக்காந்து, வெளிநாட்டுத் தலைவர்கள் செத்தப்ப நானே எழுதினதையெல்லாம் எடுத்துப் பாத்தேன். 2006 டிசம்பர் 10, சிலி நாட்டு பினோசெட், 91 வயசு. மனித உரிமை நாள் அன்னிக்கே செத்தார், அது ஒரு விதி. நான் கூசாம எழுதியிருக்கேன், 1973-லருந்து 1990 வரைக்கும் அவர் ஆட்சில 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் போயினர்னு. சர்வாதிகாரின்னு முதல் வரியிலயே இருக்கு. ஏஜென்சில வந்ததை அப்படியே தமிழ்ல போட்டேன், கை நடுங்கவே இல்ல. தூரத்துல செத்தவருக்கு எண்ணிக்கை, பக்கத்துல செத்தவருக்கு கசப்பான சம்பவம். என் நடுநிலைமையோட லட்சணம் அதுதான்.

அந்த பினோசெட் மேட்டரை அன்னிக்கு ராத்திரி நிறுத்தி நிதானமா திரும்பப் படிச்சேன். அவர் செத்த ராணுவ ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு கூட்டம் அழுதுக்கிட்டு நிக்குது, அதே சாண்டியாகோ நகரத்துல இன்னொரு பக்கம் ஷாம்பெய்ன் பாட்டில் உடைச்சுக் கொண்டாடுறாங்க. அப்ப ஜனாதிபதியா இருந்தது மிஷெல் பேச்லெட். அவங்க அப்பா விமானப்படை ஜெனரல், அந்த ஆட்சியோட சிறைல 1974-ல செத்தவர், அவங்களையும் அவங்க அம்மாவையும் கூட பிடிச்சு வச்சு சித்ரவதை பண்ணியிருக்காங்க. அப்படிப்பட்டவங்க கையில முடிவு வருது. அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு கிடையாது, தேசிய துக்கம் கிடையாது, முன்னாள் தளபதிங்கற முறையில ராணுவம் செய்யற மரியாதை மட்டும் செஞ்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. பழி வாங்கவும் இல்ல, பூசி மெழுகவும் இல்ல. எது அரசாங்கத்தோடது எது ராணுவத்தோடதுன்னு கோடு கிழிச்சு நிறுத்தினாங்க.

அதே சடங்குல நடந்த இன்னொண்ணு. உடலைப் பாக்க ஆதரவாளர்கள் பெரிய வரிசைல நிக்கறாங்க, அந்த வரிசைலயே ஒரு ஆள் பொறுமையா நின்னு வர்றார், பெட்டிகிட்ட வந்ததும் அது மேல துப்புறார். அவர் தாத்தா கார்லோஸ் பிராட்ஸ், பினோசெட்டுக்கு முன்னாடி தளபதியா இருந்தவர், 1974-ல புவனோஸ் ஐரிஸ்ல மனைவியோட கார் குண்டுல கொல்லப்பட்டவர். அழ வந்தவனும் துப்ப வந்தவனும் ஒரே வரிசைல, முன்னாடி பின்னாடி நின்னு, ஒருத்தனோட கதை இன்னொருத்தனுக்குத் தெரியாம நகர்ந்து வந்திருக்காங்க. துப்பினது சரியா தப்பான்னு என்னால சொல்ல முடியல, நானா இருந்தா செய்ய மாட்டேன்னு நெனக்கறேன், ஆனா என் தாத்தாவை யாரும் குண்டு வச்சுக் கொல்லல.

2013-ல பிரிட்டனோட முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் செத்தப்ப நான் கொஞ்சம் தேறியிருந்தேன். ஏப்ரல் 8, பக்கவாதம், 87 வயசு. அன்னிக்கு சாயங்காலமே லண்டன்ல பிரிக்ஸ்டன்லயும் ஸ்காட்லாந்துல கிளாஸ்கோலயும் தெருவுல கூடி ஆடறாங்க. முன்ன நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர்கள்ல ஒண்ணுல இறுதிச் சடங்கு நாளன்னிக்கு கொடும்பாவியே கொளுத்தினாங்க, 1984-லருந்து 85 வரைக்கும் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துல தோத்துப் போன ஊர்கள் அதெல்லாம். இன்னொரு பக்கம் அவங்க காலத்துலதான் வாடகைக்கு இருந்த அரசாங்க வீட்டை சொந்தமா வாங்க முடிஞ்ச குடும்பங்கள் பூங்கொத்தோட வந்து நிக்குது. சூனியக்காரி செத்தாள்னு வர்ற ஒரு பழைய சினிமாப் பாட்டை ஆளாளுக்கு காசு குடுத்து டவுன்லோட் பண்ணி ஹிட் வரிசைல ரெண்டாவது இடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. பிபிசி ரேடியோவுல வாராவாரம் அந்த வரிசையைப் போடுவாங்க, இப்ப இந்தப் பாட்டைப் போடறதா வேண்டாமான்னு தவிச்சு, கடைசில செய்திக் குறிப்பு மாதிரி சில விநாடி மட்டும் போட்டாங்க. ரெண்டு பக்கமும் திட்டு. எனக்கு அந்த டெஸ்க்ல உக்காந்திருந்த ஆளை நெனச்சு பாவமா இருந்துச்சு.

நடுவுல ஒரு தமாஷ், ட்விட்டர்ல 'நவ் தாட்சர்ஸ் டெட்'னு இங்கிலீஷ்ல இடைவெளி விடாம ஒரு ஹேஷ்டேக் ஓடிச்சு, அதையே வேற இடத்துல பிரிச்சா 'நவ் தட் ஷேர்ஸ் டெட்'னு வரும், பாடகி ஷேர் செத்துட்டாங்கன்னு நெனச்சு உலகம் பூரா ரசிகர்கள் அழ ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க நல்லா இருந்தாங்க. வதந்தியை நம்பி ரெண்டு தடவை முதல் பக்கத்தைக் கலைச்ச எனக்கு சிரிக்க யோக்கியதை இல்ல, இருந்தாலும் சிரிச்சேன். ஆஸ்பத்திரி, குடும்பம், அரசாங்கம் இதுல ஒண்ணு வாயைத் திறக்காத வரைக்கும் சாவுச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீங்க, அவ்வளவுதான் இதுல பாடம், முதல்ல சொன்னவனுக்குப் பரிசு எதுவும் கிடையாது.

தாட்சர் விஷயத்துல எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஏப்ரல் 10 அஞ்சலிக் கூட்டத்துக்குன்னு நாடாளுமன்றம் கூடுது, லேபர் கட்சி எம்.பி. கிளெண்டா ஜாக்சன் எழுந்து அந்த ஆட்சியால ஜனங்க பட்ட கஷ்டத்தை வரிசையா சொல்றாங்க, எதிர்ப்பக்கம் ஒரே கூச்சல், இது முறையான்னு சபாநாயகர்கிட்ட கேக்கறாங்க, அவர் விதிப்படி தப்பில்லைன்னுட்டார். பேசினவங்க ஆட்சியைப் பத்தித்தான் பேசினாங்க, சாவைக் கொண்டாடல. இன்னொண்ணு ஏப்ரல் 17 ஊர்வலத்துல, பெட்டி தன் முன்னாடி வர்றப்ப சிலபேர் சத்தமே போடாம முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னாங்க. பக்கத்துல கண்ணீரோட நின்னவங்களை இடிக்கல, தள்ளல, தான் அழப் போறதில்லைங்கறதை மட்டும் காட்டிட்டாங்க. எதிர்ப்புன்னா இப்படி இருக்கணும்னு எனக்குத் தோணிச்சு, சிலபேருக்கு இதுவும் அநாகரிகமா பட்டிருக்கலாம்.

2016 நவம்பர் 25 காஸ்ட்ரோ. கியூபாவுல ஒன்பது நாள் துக்கம், ஹவானா அடங்கிக் கிடக்கு, கடலுக்கு இந்தப் பக்கம் மயாமில லிட்டில் ஹவானாங்கற தெருக்கள்ல கியூபாலருந்து வெளியேறின குடும்பங்கள் பாத்திரத்தைத் தட்டிக்கிட்டு ராத்திரி பூரா கொண்டாட்டம். நான் ரெண்டையும் ஒரே பக்கத்துல சம அளவு பாக்ஸ் போட்டேன். சீஃப் சப் 'என்னம்மா தராசு வச்சு நிறுத்தியா'ன்னார். நிறுத்தினேன்தான், ஆனா இந்தத் தடவை உள்ள இருந்த கட்டுரைல எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனாங்க, மருத்துவத்துக்கு என்ன செஞ்சார், யாரையெல்லாம் சிறைல போட்டார்னு 'சில' இல்லாம எழுதியிருந்தேன். தன் பேர்ல சிலையோ தெருவோ வைக்கக் கூடாதுன்னு அவர் சொல்லிட்டுப் போனார், அந்த டிசம்பர்லயே அதுக்கு சட்டமும் போட்டாங்க. அந்த ஒரு விஷயத்துல புத்திசாலி, பாதி சண்டை சிலைலதான் ஆரம்பிக்குது.

வீட்டுல இதெல்லாம் எப்படின்னு கேட்டா, நான் படுதோல்வி. எங்க தலைவர் செத்தப்ப மாமனார் ஹால்ல டிவி முன்னாடி உக்காந்து துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். என் கொழுந்தன் உள்ள வந்து "இதுக்குப் போய் அழறீங்களாப்பா, எத்தனை குடும்பத்தை அழ வச்சவன்"னு ஆரம்பிச்சான். நான் பத்திரிகைக்காரியாச்சே, கையில கட்டிங் எல்லாம் இருக்கே, நடுவுல புகுந்து மாமா நீங்க சொல்றது தப்பு அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது அவர் இல்ல, தம்பி நீ சொல்ற எண்ணிக்கையும் தப்புன்னு ரெண்டு பேரையும் திருத்தினேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. அந்த ஒத்துமை மட்டும்தான் அன்னிக்கு நடந்த நல்லது. சாவுச் செய்தி வந்த ராத்திரி ஆதாரத்தைத் தூக்கிட்டுப் போகாதீங்க, ஆதாரம் எங்கயும் ஓடிடாது, அன்னிக்கு யாருக்கும் அதைக் கேக்கற காது இருக்காது.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு மாமனார்கிட்ட சும்மா கேட்டேன், "நீங்க அவரை முதல்ல எப்ப மாமா பாத்தீங்க?" அவ்வளவுதான், ஒரு மணி நேரம் பேசினார். பதினேழு வயசுல கூட்டத்துல தூரத்துல நின்னு பாத்தாராம், அதுவரைக்கும் அவரை யாரும் 'நீங்க'ன்னு கூப்பிட்டதில்லையாம், மேடைல அந்த மனுஷன் 'நீங்கள்'னு சொன்னாராம். கொழுந்தன் வாசப்படில நின்னு கேட்டுட்டிருந்தான். அவன் மனசு மாறல, மாற வேண்டியதும் இல்ல, ஆனா அதுக்கப்புறம் அப்பா முன்னாடி 'அவன்'னு சொல்றதை விட்டுட்டான். அவன் கட்சிக்காரன் ஒருத்தன் செத்தப்ப மாமனாரும் டிவி சத்தத்தைக் குறைச்சார்.

இன்னொரு உபயோகமான விஷயம். கம்பெனில ஹெச்.ஆர்.ல இருக்கற ஒரு ஃப்ரெண்ட் இந்த மாதிரி ஒரு சாவு அன்னிக்கு எனக்கு போன் பண்ணா, ஊழியர்களுக்கு ஒரு இரங்கல் மெசேஜ் போடணும், எப்படி எழுதினாலும் பாதிப் பேர் சண்டைக்கு வருவாங்க, என்னடி பண்றதுன்னு. அவ எழுதி வச்சிருந்ததுல 'ஈடு இணையற்ற', 'நம் அனைவரின் கண்ணீர்', 'மக்கள் தலைவர்' எல்லாம் இருந்துச்சு. எல்லாத்தையும் வெட்டிட்டு மூணு வரி எழுதிக் குடுத்தேன். 'முன்னாள் முதல்வர் இன்று காலமானார். அவரது குடும்பத்தினருக்கும், இந்தச் செய்தியால் வருந்துவோருக்கும் எங்கள் ஆறுதல். இன்று விடுப்பு தேவைப்படுபவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.' அந்தக் கடைசித் துண்டுதான் முக்கியம். துக்கத்துல லீவ் எடுத்தவனும் இருந்தான், சக ஊழியர்களோட துக்கத்தைப் பாக்கப் பிடிக்காம லீவ் எடுத்தவனும் இருந்தான், யாரு எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. 'நம்', 'அனைவரும்', 'நாடே' இந்த மூணு சொல்லை எடுத்துட்டாலே பாதி சண்டை வராது. நாடே எந்தக் காலத்துலயும் ஒரே மாதிரி அழுததில்ல. சோவியத் யூனியனை ஆண்ட ஜோசப் ஸ்டாலின் செத்தப்ப, 1953 மார்ச்ல, மாஸ்கோல உடலைப் பாக்க வந்த கூட்ட நெரிசல்லயே ஆளுங்க செத்தாங்க, அதே சேதியைக் கேட்டு கட்டாய உழைப்பு முகாம்கள்ல நிம்மதியா மூச்சு விட்டவங்களும் இருந்தாங்க.

துக்கமும் மரியாதையும் வேற வேறங்கறதை நான் வேலையை விட்டப்புறம்தான் நல்லா புரிஞ்சுக்கிட்டேன். 2022 ஜூலை 8, ஜப்பான்ல நாரா நகரத்துல முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவை பிரசாரத்துல சுட்டுக் கொன்னுட்டாங்க. அவர் அரசியலைப் பிடிக்காதவங்களும் அன்னிக்கு அதிர்ந்து போனாங்க, பூ வைக்க வந்த கூட்டத்துல எத்தனையோ வகை ஆளுங்க. ஆனா அரசாங்கம் முழுக்க அரசு செலவுல இறுதி மரியாதைன்னு சொன்னதும் கதை மாறிடுச்சு, 1967-க்கு அப்புறம் எந்த முன்னாள் பிரதமருக்கும் அப்படி செஞ்சதில்ல, கருத்துக்கணிப்புகள்ல எதிர்ப்புதான் அதிகம், செப்டம்பர் 27 அன்னிக்கு உள்ள அஞ்சலி வெளில ஆர்ப்பாட்டம். ஒரு மனுஷன் கொல்லப்பட்டதுக்கு வருத்தப்படறவன் அவருக்கு அரசு மரியாதை வேண்டாம்னு சொன்னா அதுல முரண்பாடு இல்ல. செத்தவன் கண்ணு செந்தாமரைன்னு சொல்லுவாங்க, அது அந்த வீட்டு ஜனங்க சொல்லட்டும், அரசாங்கமும் பேப்பரும் சொல்லணும்னு என்ன கட்டாயம்.

அந்தப் பெரியவர் விஷயத்தை முடிக்கணும். தலைவரோட முதலாமாண்டு நினைவுக்கு ஒரு கட்டுரை என்கிட்ட வந்துச்சு. அணை, பள்ளிக்கூடம், உதவித்தொகை எல்லாம் எழுதினேன், அக்கா மாதிரி எத்தனை பேருக்கு அந்தப் பணம் போச்சுன்னு கேட்டு வாங்கி எழுதினேன். அப்புறம் துப்பாக்கிச்சூட்டுக்கு ஒரு தனி பத்தி, தேதி, இடம், செத்தவங்க எண்ணிக்கை, விசாரணை அறிக்கை என்ன சொல்லிச்சு, அந்த அதிகாரி அப்புறம் என்ன ஆனார். 'கசப்பான'ங்கற சொல்லே இல்ல. ஆசிரியர் ரெண்டு தடவை கூப்பிட்டு இது தேவையான்னு கேட்டார், வெட்டறதா இருந்தா அணைக் கணக்கையும் வெட்டிடுங்க சார்னேன், விட்டுட்டார்.

அன்னிக்கு மத்தியானம் போன். அதே மெதுவான குரல். "படிச்சேம்மா"ன்னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "எண்ணிக்கைல ஒண்ணு குறையுதும்மா. ஒரு பையன் அன்னிக்கே சாகல, ஒம்பது நாள் ஆஸ்பத்திரில கிடந்து செத்தான், அதை யாரும் சேக்கறதில்ல"ன்னார்.

உங்க பையனா சார்னு கேட்டேன்.

"இல்லம்மா, என் பையன் அன்னிக்கே போயிட்டான். இது வேற வீட்டுப் பையன்."

ஆஸ்பத்திரி பதிவேட்டைத் தேட நாலு நாள் ஆச்சு. அவர் சொன்னது சரி. அஞ்சாம் நாள் ரெண்டாம் பக்கத்துல, கீழ, ஒரு திருத்தம் போட்டோம்.